கடைமடை ராக்கருக்கு ஆயில் வரும்வரை

அப்பாவின் அம்பாசிடர் இன்ஜினைப் பிரித்து மறுபடி பூட்டி முடித்த அன்றே ஸ்டார்ட் செய்துவிடுவேன் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அம்மா எலுமிச்சம்பழம்கூட வாங்கி வைத்துவிட்டார். நான் மூன்று வாரம் சாவியே போடவில்லை. அந்த மூன்று வாரமும் பெரும்பாலும் ஒரே வேலைதான். இன்ஜின் தானாக ஓடத் தொடங்கும் முன்பே, உள்ளே ஆயில் போக வேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் வெளியிலிருந்து ஆயிலைத் தள்ளி, அது போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்ப்பது. பட்டறைப் பேச்சில் பிரைம் பண்ணுவது. எங்கள் பக்கத்தில் சிலிண்டரைக் கடைந்து சீராக்கும் ரீபோருக்குக் கொடுக்கும் கவனத்தில் கால்பங்குகூட இதற்குக் கொடுப்பதில்லை. நானும் ஒரு காலத்தில் கொடுக்கவில்லை. அதனால் ஒரு இன்ஜின் வீணாய்ப் போனது. அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

வண்டி 1984 மாடல், பெட்ரோல், 1489 சிசி. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் தோப்பில் பாதிக்கு மேல் தென்னை சாய்ந்துவிட்டது. அதில் ஒரு மரம் கார் கொட்டகை மேலேயே விழுந்தது. பானெட் நசுங்கி, ஏர் கிளீனர் பிய்ந்துகொண்டு போய், கார்புரேட்டர் வாய் திறந்து கிடந்தது. மழைத் தண்ணீர் அதன் வழியாக உள்ளே இறங்கியிருக்கிறது. அப்போது இருந்த நிலையில் யார் காரைப் பார்ப்பது? வீட்டுக் கூரை, மரம் வெட்டுவது, கரண்ட் இல்லாத இருட்டு என்று மாதக்கணக்காகப் போனது. அப்புறம் பார்த்தபோது பிஸ்டன் நான்கும் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தன.

பல வருடம் கழித்துத்தான் கையில் எடுத்தேன். டீசலும் மண்ணெண்ணெயும் ஊற்றி ஊறவைத்து, கட்டையை வைத்துத் தட்டித் தட்டிப் பிஸ்டன்களை இறக்கினேன். ரீபோர், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்குக்குக் கிரைண்டிங், புதுப் பிஸ்டன், புது பேரிங், வால்வு கைடு, கேமின் மேல் உரசி நிற்கும் எட்டு டாப்பட். வால்வுகளைத் திறக்க வைக்கும் கேம் ஷாஃப்ட் மட்டும் பழையதே, அதில் தேய்மானம் இல்லை. மெஷின் வேலையெல்லாம் நல்ல கைகளில் நடந்தது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். ரீபோர் ஆகி வந்த சிலிண்டர் பிளாக்கை டீசலில் கழுவினால் போதாது. ஹோனிங் கல்லின் பொடி டீசலுக்குப் போகாது. துணி சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்து, வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வர வேண்டும். எனக்கு ஐந்தாவது தடவைதான் அப்படி வந்தது. உடனே துடைத்து ஆயில் பூசிவிட வேண்டும், இல்லாவிட்டால் கண் முன்னாலேயே துரு ஏறும். ஆயில் போகும் துளைகளின் அடைப்புகளையும் கழற்றி, குழந்தைகளின் பால் பாட்டில் கழுவும் பிரஷ்ஷை உள்ளே விட்டு இழுத்தேன். கறுப்பாகக் களிமண் மாதிரி வந்தது.

சரி, இனி ஆயிலுக்கு வருகிறேன்.

இந்த இன்ஜினில் ஆயில் போகும் வழியை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபம். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் தஞ்சாவூர்க்காரர் நாற்றங்காலுக்கு ஏர் பூட்டிவிடுவார். நாங்கள் பூட்ட மாட்டோம். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வர வேண்டும், வெண்ணாற்றில் பிரிய வேண்டும், நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பில் கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரிந்து வர வேண்டும், அப்புறம் வாய்க்கால், அதற்கப்புறம் கன்னி வாய்க்கால். நாங்கள் கடைமடை. அணை திறந்தது வேறு, எங்கள் வயல் நனைந்தது வேறு.

இன்ஜினும் அப்படித்தான். அடியில் சேம்பர் என்ற தொட்டியில் இருக்கும் ஆயிலைப் பம்ப் உறிஞ்சி, ஃபில்டர் வழியாக, பிளாக்கின் நீளத்துக்கு ஓடும் பெரிய துளைக்குத் தள்ளுகிறது. அங்கிருந்து கிராங்கைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங். மெயினிலிருந்து கிராங்குக்குள் போட்ட துளை வழியாக, பிஸ்டன் ராடுகள் கிராங்கைப் பிடிக்கும் நான்கு பிக் எண்ட். இன்னொரு பிரிவு மூன்று கேம் பேரிங்குக்கு. கேம் பேரிங் ஒன்றிலிருந்து மேலே ஏறி, ஹெட்டைத் தாண்டி, ராக்கர் ஷாஃப்ட்டுக்குள் போய், வால்வுகளை அழுத்தித் திறக்கும் எட்டு ராக்கருக்குப் பிரிகிறது. ஆக மொத்தம் 18 இடம். ராக்கர்தான் கடைமடை. புதிதாகப் பூட்டிய இன்ஜினில் இந்த வழி முழுக்கக் காற்று. பம்ப்பும் காய்ந்திருக்கும்.

ஓடும்போது கிராங்க் பேரிங்கைத் தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஆயில் ஒரு மெல்லிய பாய் மாதிரி விரிந்து கிராங்கைத் தூக்கிப் பிடிக்கிறது. என் இன்ஜினில் அந்த இடைவெளி இரண்டு தவ், அதாவது 0.05 மில்லிமீட்டர். தலைமுடியைவிடக் குறைவு. அந்தப் பாய் இல்லாமல் கிராங்க் சுழலும் ஒவ்வொரு நொடியும் எஃகு நேரடியாகப் பேரிங்கின் மிருதுவான மேற்பூச்சைத் தேய்க்கிறது. அப்படித் தேய்ந்தது திரும்பி வராது.

இதை நான் கற்றுக்கொண்டது என் சித்தப்பாவின் ஜீப்பில். ஒரு பட்டறையில் கொடுத்து முழு வேலையும் பார்த்தோம். ஆயில் ஊற்றினார்கள், பேட்டரி மாட்டினார்கள், சாவியைத் திருப்பினார்கள். பற்றிக்கொண்டதும் எல்லோருக்கும் சந்தோஷம். ஆயில் லைட் அணைய வெகுநேரம் ஆனது. பத்துப் பன்னிரண்டு நொடி இருக்கும். அதற்குள் ஆக்சிலரேட்டரையும் இரண்டு தடவை மிதித்துப் பார்த்துவிட்டார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன், ஒன்றும் சொல்லவில்லை, சொல்லத் தெரியவுமில்லை. நானூறு கிலோமீட்டர் ஓடுவதற்குள் அடியில் தட்டும் சத்தம். பிரித்தால் பிக் எண்ட் பேரிங்கில் சாம்பல் நிறப் பூச்சு வழித்தெடுத்த மாதிரி போய், உள்ளே செம்பு தெரிந்தது. கிராங்கிலும் கோடு விழுந்திருந்தது. சித்தப்பா அறுவடைப் பணத்தை அதில் போட்டிருந்தார். அந்தப் பேரிங் ஒன்றை இன்னும் என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

இப்போது அம்பாசிடருக்கு எனக்குத் துணை நின்றவர் திருத்துறைப்பூண்டியில் இருக்கும் ஒரு மெக்கானிக். அறுபதைத் தாண்டியவர். அம்பாசிடரைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். ஆயில் பிரைம் பண்ண வேண்டும் என்றதும், "தம்பி, பிளக் நாலையும் கழட்டிட்டு செல்ஃப் அடிப்போம். கம்ப்ரஷன் இருக்காது, லோடு இருக்காது. பிரஷர் காட்டினதும் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் பண்ணுவோம். முப்பது வருஷமா அப்படித்தானே பண்றோம்" என்றார்.

"அண்ணே, அது தப்புன்னு சொல்லல. ஆனா பிரஷர் வர்ற வரைக்கும் கிராங்க் காய்ஞ்சுதானே சுத்துது?"

"அதுக்குத்தானே பூட்டும்போதே பேரிங்ல ஆயில் விடுறோம்."

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பூட்டி ஓரிரு நாளில் ஸ்டார்ட் செய்யும் இன்ஜினுக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் என் இன்ஜின் அப்படியில்லை. வேலைக்குப் போய்க்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டியது. கிராங்க் போட்டது ஜனவரி, பொங்கல் லீவில். ஹெட் ஏறியது மார்ச் கடைசியில். பூட்டும்போது விட்ட ஆயில் அத்தனை நாளில் வடிந்து இறங்கியிருக்கும். அதோடு, செல்ஃப் அடித்தால் மீட்டரில் பிரஷர் தெரியும், அவ்வளவுதான் தெரியும். மீட்டர் காட்டுவது தலைமடைக் கணக்கு. ஏழாவது ராக்கருக்கோ நடு மெயினுக்கோ போய்ச் சேர்ந்ததா என்று அது சொல்லாது.

அவரே சற்று யோசித்துவிட்டு வேறொன்று சொன்னார். "பம்பை மட்டும் கழட்டு. உள்ள வாசலின் வைக்கணும். பம்புசெட்டுக்குத் தண்ணி ஊத்தாம மோட்டார் போட்டா இறைக்குமா?"

இது எனக்குத் தோன்றாதது. போர் மோட்டாருக்கு முந்தைய காலத்தில், ஃபுட் வால்வு ஒழுகும் பம்புசெட்டுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவோம், அதற்கும் நிற்காவிட்டால் சாணியைக் கரைத்து ஊற்றுவோம். சாணி வால்வு இடுக்கில் போய் அடைத்துக்கொள்ளும், தண்ணீர் ஏறிவிடும். ஆயில் பம்ப்பிலும் ஏறக்குறைய அதே கதை. ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரண்டு ரோட்டர். நடுவில் சின்ன இடைவெளி. ஈரமாக இருந்தால் அந்த இடைவெளியை ஆயிலே அடைத்துக்கொண்டு உறிஞ்சும். காய்ந்திருந்தால் காற்று அந்த இடுக்கிலேயே சுற்றி வரும், கீழேயிருந்து ஆயில் ஏறாது. இடைவெளி அளக்கும் பீலர் கேஜ் வைத்துப் பார்த்தேன், ரோட்டருக்கும் மூடிக்கும் நடுவில் மூன்று தவ். ஐந்துக்கு மேல் போனால்தான் மாற்ற வேண்டும். அதனால் பழைய பம்ப்பையே வைத்துக்கொண்டு, ரோட்டரின் பள்ளங்களில் வாசலினை விரலால் அப்பி மூடினேன். வாசலின் சூட்டில் உருகி ஆயிலோடு கலந்துவிடும். கிரீஸ் வைக்கக் கூடாது. அது சரியாகக் கரையாமல் கட்டியாகப் போய் சின்னத் துளைகளில் உட்கார்ந்துவிடலாம்.

அடுத்தது, ஆயிலை எப்படித் தள்ளுவது. சில அமெரிக்க இன்ஜின்களில், பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் கீழ் முனைதான் ஆயில் பம்ப்பைச் சுழற்றும். டிஸ்ட்ரிபியூட்டரை உருவிவிட்டு, டிரில்லிங் மெஷினில் ஒரு நீளக் கம்பியை மாட்டிப் பம்ப்பைச் சுழற்றினால் இன்ஜின் அசையாமலே ஆயில் ஏறிவிடும். அம்பாசிடரில் அது நடக்காது. டிஸ்ட்ரிபியூட்டரும் பம்ப்பும் கேம் ஷாஃப்ட்டில் தனித்தனிப் பல்சக்கரத்திலிருந்து சுழல்கின்றன. மாருதி 800 போன்றவற்றிலும் முடியாது, அதில் பம்ப் கிராங்க் முனையிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஆகவே வெளியிலிருந்து அழுத்தித் தள்ளுவது ஒன்றுதான் வழி.

அதற்கு வேண்டிய சாமான் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் தொங்குகிறது. மருந்து அடிக்கும் ஸ்பிரேயர். ஆனால் முதுகில் மாட்டிக்கொண்டு கையால் அடித்துக்கொண்டே போகும் பெரிய டேங்க் சரிவராது. அதன் பம்ப் தண்ணீருக்கானது, ஆயில் தண்ணீரைவிட நூறு மடங்குக்கு மேல் கெட்டி. தோளில் தொங்கவிடும் சின்ன டேங்க் ஒன்று இருக்கிறது. மேலே கைப்பிடியை அடித்தால் உள்ளே காற்று அழுத்தம் ஏறி, அந்தக் காற்று திரவத்தைத் தள்ளும். அதுதான் வேண்டும். வீட்டில் இருந்ததைத் தொடவில்லை. பூச்சிமருந்து அடித்த டேங்கை எத்தனை கழுவினாலும் நம்ப முடியாது. மன்னார்குடியில் புதிதாக ஒன்று வாங்கினேன், ஐந்து லிட்டர். நாசிலையும் விசைப்பிடியையும் கழற்றிப் போட்டுவிட்டு ஹோஸை மட்டும் வைத்துக்கொண்டேன். கம்ப்ரசரை இந்த டேங்கோடு இணைக்கலாமே என்று என் மச்சான் கேட்டான். கூடாது. பிளாஸ்டிக் டேங்க் தாங்கும் அழுத்தம் ஒன்று, பஞ்சர் கடைக் கம்ப்ரசர் தரும் அழுத்தம் வேறொன்று. வெடித்தால் முகத்தில்தான் வெடிக்கும். கையால் அடித்தாலே 40 பிஎஸ்ஐ வரை வந்தது, அது தாராளம்.

பிளாக்கில் ஆயில் பிரஷர் மீட்டரின் குழாய் மாட்டும் மரை இருக்கிறது அல்லவா, அதன் வழியாகத்தான் உள்ளே விடப் போகிறேன். அந்த மரைக்கு ஒத்த நிப்பிள் கடையில் கிடைக்கவில்லை. நாச்சியார்கோயிலில் குத்துவிளக்குத் தண்டு கடையும் லேத் வைத்திருக்கும் ஒரு சொந்தக்காரரிடம் பழைய நட்டை மாதிரிக்குக் கொடுத்தேன். விளக்குப் பித்தளையிலேயே கடைந்து, ஹோஸ் பிடிக்கும் பக்கத்தில் மூன்று வளையம் போட்டுக் கொடுத்தார். விளக்கின் காலில் இருக்கும் வேலைப்பாடு மாதிரியே இருந்தது. காசு வாங்கவில்லை. ஹோஸின் நடுவில் டீ வடிவ இணைப்பு ஒன்றைப் போட்டு, நூறு பிஎஸ்ஐ வரை காட்டும் மீட்டரையும் மாட்டிக்கொண்டேன்.

சேம்பரை மாட்டாமலே முதல் தடவை பிரைம் செய்வது என்று முடிவு செய்தேன். இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். சேம்பரைப் போட்டு மூடிவிட்டால் அடியில் நடப்பது எதுவும் தெரியாது. பழைய இரும்புக் கட்டிலின் ஆங்கிளை வெட்டி வெல்டிங் செய்த ஸ்டாண்டில் இன்ஜின் நிமிர்ந்து நிற்கிறது, அடி திறந்திருக்கிறது, கீழே அகலமான அலுமினியத் தாம்பாளம், அதில் ஒரு டார்ச். ராக்கர் கவரும் போடவில்லை. மே மாதம், கத்திரி வெயில். ஆயில் டின்னைக் காலையிலிருந்து வெயிலில் வைத்திருந்தேன், இளகி வரட்டும் என்று. ஆயில் 15டபிள்யூ-40, டீசல் இன்ஜினுக்கானது. அதில் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாகக் கலவை இன்றைய பெட்ரோல் கார் ஆயில்களைவிடப் பொதுவாகக் கூடுதல். புது டாப்பட்டுக்கு அது நல்லது.

டேங்கில் மூன்று லிட்டர் ஊற்றி, 40 வரை அடித்து, வால்வைத் திறந்தேன். மீட்டர் முள் 40-லிருந்து 6-க்கு விழுந்தது.

அடித்துக்கொண்டே இருந்தேன், ஆறைத் தாண்டவில்லை. அடியில் பார்த்தால் மெயின் பேரிங் ஓரத்தில் லேசாக ஈரம். ராக்கரில் ஒன்றுமே இல்லை. ஆனால் டேங்க் மட்டும் வேகமாகக் காலியானது. தாம்பாளத்தில் ஆயில் விழும் சத்தம் சொட்டுச் சத்தமாக இல்லை, பைப் திறந்துவிட்ட சத்தம். டார்ச்சை எடுத்துக் கீழே படுத்துப் பார்த்தேன். பம்ப் பக்கம், பிளாக்கின் பின் ஓரமாக, சுண்டுவிரல் தடிமனுக்கு ஒழுகுகிறது. சேம்பர் மாட்டியிருந்தால் இது தெரிந்திருக்கவே தெரியாது.

முதலில் பயந்தது ஆயில் வழியின் அடைப்பு எதையாவது போட மறந்துவிட்டேனோ என்று. எண்ணிப் பார்த்தேன், எல்லாம் இருந்தது. அன்றிரவு தூக்கம் இல்லை. மறுநாள் மெக்கானிக் அண்ணன் வந்து ஒரு நிமிடம் குனிந்து பார்த்துவிட்டு, "ரிலீஃப் வால்வைக் கழட்டு" என்றார்.

பிளாக்கின் இடப்பக்கம், பின்னால், குமிழ் மாதிரி ஒரு நட்டு இருக்கிறது. அதற்குள் ஸ்பிரிங்கும் கிண்ணம் போன்ற சின்ன வால்வும். ஆயில் அழுத்தம் அளவுக்கு மேல் போனால் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு வால்வு திறந்து, மிச்ச ஆயிலைச் சேம்பருக்கே திருப்பிவிடும். நம் ஊர் வாய்க்காலில் வழிந்தோடி போல. என்னுடையது மூடவே இல்லை. வெளியே எடுத்தால், வால்வு உட்காரும் இடத்தில் ஒரு வெள்ளை நூல் சுருண்டு, இரும்புத் துகளோடு கட்டியாகி ஒட்டியிருந்தது. பனியன் வேஸ்ட். திருப்பூரிலிருந்து மூட்டையாக வந்து பட்டறைகளில் கைதுடைக்கக் கிடக்குமே, அதன் நூல். பிளாக்கைத் துடைத்தது நான்தான், அதில் துடைத்ததும் நான்தான்.

ஒரு நூலிழை. அதோடு ஸ்டார்ட் செய்திருந்தால் பம்ப் தள்ளும் ஆயிலில் பெரும்பகுதி சேம்பருக்கே திரும்பியிருக்கும். 18 இடமும் பட்டினி. சித்தப்பா ஜீப்பைவிட மோசமாகியிருக்கும். அன்றிலிருந்து இன்ஜின் உள்பக்கத்துக்குப் பனியன் வேஸ்ட் தொடுவதில்லை. நூல் பிரியாத பழைய வேட்டித் துண்டை, ஓரம் மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன், அதுதான்.

வால்வு உட்காரும் இடத்தைச் சுத்தம் செய்து, வால்வு முகத்தில் நீல மை தடவி வைத்து எடுத்துப் பார்த்தேன். சுற்றிலும் மெல்லிய வளையமாக மை ஒட்டியிருந்தது, இடைவெளி இல்லை. மறுபடி பூட்டினேன்.

இரண்டாவது தடவை 40 அடித்துத் திறந்ததும் முள் 15-க்கு இறங்கி, ஹோஸ் கொஞ்சம் விம்மி, அடிக்க அடிக்க மெல்ல 32-க்கு வந்து நின்றது. மச்சான் டேங்கை அடித்தான். நான் கிராங்க் முனையில் ஹேண்டில் பிடிக்கும் நட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பினேன். இந்தத் திருப்பல் முக்கியம். கிராங்கிலும் கேமிலும் உள்ள துளைகள் பேரிங்கின் துளைகளுக்கு நேராக வரும்போதுதான் ஆயில் தாராளமாகப் போகும். கேம் ஷாஃப்ட் ஒரு சுற்று வர கிராங்க் இரண்டு சுற்று வர வேண்டும். திருப்பாமல் ஒரே நிலையில் வைத்து எவ்வளவு அழுத்தினாலும் ஏதாவது ஒரு இடம் காய்ந்தே கிடக்கலாம்.

முன் மெயினில் முதலில் வந்தது. பின் மெயின். நடு மெயின் கொஞ்சம் தாமதம். அப்புறம் பிக் எண்ட் ஒவ்வொன்றின் ஓரத்திலும் முத்து முத்தாக ஆயில் உருண்டு, கனத்து, விழுந்தது. நான்கிலும் ஏறக்குறைய ஒரே வேகம். இதையும் கவனிக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கொட்டினால் அங்கே இடைவெளி அதிகம், ஒன்றில் மட்டும் வராவிட்டால் அடைப்பு. நான் தரையில் படுத்தபடி "வருதுடா, வருதுடா" என்று கத்தியதில் அம்மா பயந்துபோய் ஓடி வந்துவிட்டார்.

மேலே ராக்கர் இன்னும் காய்ந்துதான் இருந்தது. மூன்று சுற்று, நான்கு சுற்று. டேங்கில் ஆயில் குறைகிறது. இங்கே ஒரு எச்சரிக்கை: டேங்க் முழுக்கத் தீரவிடக் கூடாது. தீர்ந்தால் பின்னாலேயே காற்று நுழைந்து, நிரப்பிய வழியெல்லாம் மறுபடி நுரையாகிவிடும். ஒரு லிட்டர் மிச்சம் இருக்கும்போதே வால்வை மூடி, மறுபடி ஊற்றிக்கொண்டேன். ஐந்தாவது சுற்றில் ராக்கர் ஷாஃப்ட் தாங்கி ஒன்றின் ஓரத்தில் நுரை கிளம்பியது. காற்றும் ஆயிலுமாக ஒரு நிமிடம். பிறகு சுத்தமான ஆயில். ஒரு ராக்கர், இன்னொரு ராக்கர் என்று நனைந்துகொண்டே போனது. ஏழு ராக்கர் நனைந்தது. ஒன்று நனையவில்லை.

ஷாஃப்டைக் கழற்றி அந்த ராக்கரை எடுத்துப் பார்த்தால், அதன் துளையில் பழைய கரி கெட்டியாகிக் கிடந்தது. எட்டையும் டீசலில் ஊறவைத்துக் கழுவியதுதான், ஆனால் ஊறியும் போகவில்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ் பின் ஒன்று அம்மாவிடம் இருந்தது, அதை விட்டுக் குத்தி எடுத்தேன். மறுபடி பூட்டி, மறுபடி அடித்து, கடைசி ராக்கரின் முனையிலும் ஆயில் வழிந்து புஷ் ராடு வழியாகக் கீழே இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எழுந்தேன். மணி இரவு பத்தரை. தாம்பாளத்தில் விழுந்த ஆயிலை மறுபடி இன்ஜினுக்கு விடவில்லை. கேட் கீலுக்கும் சைக்கிள் செயினுக்கும் ஆகட்டும் என்று தனியாக எடுத்து வைத்தேன்.

சேம்பர் மாட்டி, இன்ஜினைக் காரில் இறக்கி, ரேடியேட்டர், வயரிங் எல்லாம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள். அதற்குள் ஆயில் கொஞ்சம் இறங்கியிருக்கும் என்பதால், ஸ்டார்ட் செய்யும் நாள் காலையில் ஃபில்டர் கிண்ணத்தை நிரப்பி, அதே நிப்பிள் வழியாக மறுபடி ஒரு முறை தள்ளினேன். இந்தத் தடவை ராக்கருக்கு வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அப்படி உள்ளே போனதையும் கணக்கில் சேர்த்துத்தான் டிப் ஸ்டிக் பார்த்து மேலே ஊற்ற வேண்டும். நான் முதலில் கணக்கைத் தவறவிட்டு முக்கால் லிட்டர் அதிகமாகி, திறந்து வடித்தேன்.

நிப்பிளை எடுத்துவிட்டு மீட்டரின் குழாயை மாட்டி, பிளக் இல்லாமல், காயில் வயரைப் பிடுங்கிவிட்டுச் செல்ஃப் அடித்தோம். அண்ணன் சொன்ன முறைதான். மூன்றாவது நொடியில் முள் அசைந்தது, ஏழெட்டு நொடியில் 25. அண்ணன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு சீக்கிரம் காட்டி நான் பார்த்ததில்ல" என்றார். செல்ஃப் மோட்டார் ஆற ஒரு நிமிடம் விட்டு, இன்னொரு தடவை.

ஸ்டார்ட் செய்யும்போது உடனே பற்ற வேண்டும் என்பதும் இதே வேலையின் ஒரு பகுதிதான். பற்றாமல் அரைமணி நேரம் செல்ஃப் அடித்தால், பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். பூட்டும்போது டாப்பட் மேல் பூசிய பசையும் தேய்ந்து போகும். அதனால் டைமிங்கை மூன்று தடவை பார்த்தேன். ஒன்றாம் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வரும்போது டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டர் ஒன்றாம் பிளக் வயரைப் பார்க்கிறதா, வயர் வரிசை 1-3-4-2 சரியா என்று. கார்புரேட்டர் கிண்ணத்தில் கையாலேயே பெட்ரோல் விட்டு நிரப்பினேன். எலுமிச்சம்பழம் வாடிப்போயிருந்தது, அம்மா வேறு வாங்கி வைத்தார்.

இரண்டாவது சுற்றிலேயே பற்றிக்கொண்டது. முள் நேராக 55-க்குப் போய் நின்றது. ஐடிலில் விடவில்லை. உடனே நிமிடத்துக்கு 1500 சுற்றுக்கு ஏற்றி, அங்கிருந்து 2000 வரை கொஞ்சம் கூட்டிக் குறைத்து இருபது நிமிடம் பிடித்திருந்தேன். கேமும் டாப்பட்டும் உரசும் இடத்துக்குப் பம்ப் நேரடியாக ஆயில் தருவதில்லை. கிராங்க் சுழலும்போது தெறிக்கும் ஆயிலும், மேலே ராக்கரிலிருந்து வழிந்து இறங்கும் ஆயிலும்தான் அதற்கு. மெதுவாக ஓடினால் தெறிக்காது. புது டாப்பட் கேமோடு பழகுவது இந்த இருபது நிமிடத்தில்தான். ராக்கருக்கு ஆயில் வந்தே ஆக வேண்டும் என்று அத்தனை பிடிவாதம் பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். ரேடியேட்டர் சூட்டை மச்சான் பார்த்துக்கொண்டான். சைலன்சரில் அண்ணன் பூசிய ஆயில் புகைந்து தோப்பு முழுக்கப் புகை.

இருபது நிமிடம் கழித்து நிறுத்தி, சூடு இருக்கும்போதே ஆயிலை வடித்தேன். ஃபில்டரைப் பிரித்து அதன் மடிப்புகளை வெயிலில் விரித்துப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் மைபோல் கொஞ்சம் பொடி, பூட்டும்போது பூசிய பசை. காந்தத்தில் லேசாக ஒட்டியது. செம்பு நிறத்தில் ஒரு மினுக்குக்கூட இல்லை. நான் தேடியது அதைத்தான். ஃபில்டர் மடிப்பை அண்ணன் தன் கையிலேயே வைத்துக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

புது ஆயில் ஊற்றி ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, மன்னார்குடி வரை போய் வந்தேன். ஒரே வேகத்தில் ஓட்டாமல் ஏற்றி இறக்கி. இன்றைக்கு 520 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. ஆயில் பிரஷர், சூடான பிறகு ஓடும்போது 45, ஐடிலில் 18. ஐநூறில் மாற்ற வேண்டிய ஆயிலை நேற்று மாற்றினேன், அதிலும் செம்பு இல்லை. ஒரே குறை, ரிலீஃப் வால்வின் குமிழ் நட்டில் லேசான கசிவு. கழற்றிப் பூட்டியபோது பழைய வாஷரையே போட்டுவிட்டேன். புது வாஷர் வாங்கிவிட்டேன், வருகிற ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும். நிப்பிளையும் டேங்கையும் திருத்துறைப்பூண்டிக்கு அண்ணன் எடுத்துப் போயிருக்கிறார். ஒரு டிராக்டர் இன்ஜின் பூட்டிக்கொண்டிருக்கிறாராம், சேம்பர் இன்னும் போடவில்லையாம்.